ஆழியடிக் கம்பிகளும் அறநெறியும்

எம் ஊராகிய இராசிபுரத்தினின்று கடலைக் காணவேண்டின் நெடுந்தொலைவு செல்லல் வேண்டும். ஆயினும், அவ்வூர்த் தறியில் நெய்த பட்டுச் சேலையைச் சிங்கப்பூரிலுள்ள உறவினர்க்குக் கைப்பேசியிற் காட்டுங்கால், அக்காட்சி ஆகாய வழியே செல்கின்றதென்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். உண்மை அஃதன்று. சென்னைக் கரையினின்று வங்கக் கடலின் அடியிற் கிடக்கும் மயிரிழை போன்ற கண்ணாடி நூல்களின் வழியே அஃது ஒளியாய் ஓடுகின்றது. கண்டங்களிடைச் செல்லும் செய்திகளிற் பெரும்பாலன இத்தகைய கம்பிகளையே நம்பியிருக்கின்றன. இவற்றை வேண்டுமென்றே அறுப்பாரை விசாரிக்க உரியவர் யாவர் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த விஷயம்.

தமிழ்நாட்டார்க்கு இது தொடர்பில்லாத கதையன்று. 1914-ஆம் வருஷம் செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டெறிந்து கொளுத்திய ஜெர்மானியக் கப்பலாகிய எம்டனை நாம் அறிவோம். வல்லாளனை “எம்டன்” என்று வழங்குதலும் உண்டு. அக்கப்பலின் முடிவு, கம்பி அறுக்கச் சென்றவிடத்தே நேர்ந்ததென்பதைப் பலர் அறியார். நவம்பர் 9-ஆம் தேதி கொக்கோஸ் தீவுகளிலுள்ள தந்தி நிலையத்தை அழிக்க அதன் வீரர் கரையிறங்கினர். நிலையத்தார் அதற்குள் கம்பியில்லாத் தந்தியால் அபயக்குரல் எழுப்ப, ஆஸ்திரேலியப் போர்க்கப்பலாகிய சிட்னி விரைந்துவந்து எம்டனை வீழ்த்திற்று.

இதுபற்றி ஜெர்மானியரை மட்டும் பழித்தல் நடுவுநிலைமையன்று. அவ்வாண்டு ஆகஸ்ட் 5-ஆம் தேதி, யுத்தம் தொடங்கிய மறுநாளே, ஆங்கிலேயர் ஜெர்மனியின் கடற்கம்பிகளை அறுத்தனர். கம்பிகளைக் காக்க 1884-ல் பாரிஸ் நகரிற் செய்யப்பட்ட உடன்படிக்கையோ, போர்புரிவோர் கையைக் கட்டவில்லை.

சமாதான காலத்திலேனும் முறை உண்டோ? 2024-ஆம் வருஷம் டிசம்பர் 25-ஆம் தேதி பின்லாந்து வளைகுடாவில் ஒரு மின்கம்பியும் சில செய்திக் கம்பிகளும் சேதமுற்றன. குக் தீவுகளின் கொடி தாங்கிய ‘ஈகிள் எஸ்’ என்னுங் கப்பலைப் பின்லாந்து அதிகாரிகள் பிடித்தனர். கப்பலோர் குற்றத்தை மறுத்தனர். 2025 அக்டோபரில் ஹெல்சிங்கி மாவட்ட நீதிமன்றம், இவ்வழக்கை விசாரிக்கப் பின்லாந்துக்கு அதிகாரமில்லை என்று தள்ளிற்று. நாட்டெல்லைக்கு அப்பாற்பட்ட கடலில் நிகழுங் குற்றத்தைப் பெரும்பாலும் கொடிக்குரிய நாடே விசாரித்தல் வேண்டும் என்பது பழைய விதி.

ஏரி மதகை ஒருவன் உடைத்தானாயின், வயல் காய்ந்த ஊரார் வாளாவிருக்க, எங்கோ தொலைவிலுள்ள அவன் ஊரார்தாம் விசாரிக்க வேண்டுமென்றால், அதனை நீதி என்போமா?

“கம்பிகள் அறுவது பெரும்பாலும் நங்கூரத்தாலும் மீன்வலையாலுமே, கடுஞ்சட்டம் ஏழை வலைஞரை வருத்தும்” என்று சிலர் கூறலாம். அது மெய்யே. ஆதலின் பிழையையும் வஞ்சத்தையும் பிரித்தறிதல் வேண்டும். கம்பியைக் காத்தற்பொருட்டுத் தன் வலையை இழந்தவனுக்குக் கம்பியுடையார் ஈடுசெய்க என்று அந்த 1884-ஆம் வருஷத்து உடன்படிக்கையே கூறுகின்றது. அவ்விரக்கம் நிலைத்திருக்கட்டும். அதனோடு, வேண்டுமென்று அறுத்தவனை, அவன் எக்கொடியின்கீழ் நிற்பினும், தீங்குற்ற நாடு விசாரிக்கும் உரிமையும் சர்வதேசச் சட்டத்தில் இடம்பெறுதல் வேண்டும். கடற்கரையே இல்லாத எம் ஊர்த் தறிகாரனுக்கும் இதிற் பங்கு உண்டென்பது நம் துணிபு.