பாட்டில்ல அடைச்ச ஜீவாமிர்தம்

மாடித்தோட்டம் போடுற டவுன் சனங்க முதல்ல தேடி வாங்குறது ஒரு பாட்டில் கரைசல். ஜீவாமிர்தம்னு லேபிள், மூடியில சீல், ஆறு மாசம் கெடாதுன்னு ஒரு வரி. ஆறு மாசம் புளிக்காத மோரை நீங்க வாங்கிக் குடிப்பீங்களா? கரைசலும் அப்படித்தாங்க. அதுல உயிர் இருந்தா அது மூச்சு விடணும்.

மகாராஷ்டிராவுல இருந்து சுபாஷ் பாலேக்கர் சொல்லிக் குடுத்த கணக்கு எங்க ஊர்ல பல பேருக்கு மனப்பாடம். 200 லிட்டர் தண்ணிக்கு 10 கிலோ சாணம், 5லிருந்து 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, வரப்பு மண்ணு ஒரு கைப்பிடி. நிழல்ல ரெண்டு நாள் வெச்சு, காலையும் சாயங்காலமும் குச்சியால கலக்கி விட்டா ஒரு ஏக்கருக்கு ஆச்சு. ஒரு வாரத்துக்குள்ள ஊத்தி முடிச்சிடணும். நாட்டு மாட்டுச் சாணம்தான் ஆகும்னு அவர் அடிச்சுச் சொல்வார். எருமைச் சாணம் போட்டாலும் எங்க டிரம்முல நல்லாத்தான் நுரைக்குது, அதனால அந்தச் சண்டைக்கு நான் போறதில்லை.

அந்த டிரம் மொத்தத்துலயும் இருக்கிற தழைச்சத்தைக் கூட்டிப் பார்த்தா கால் கிலோவைச் சுத்தித்தான் வரும். 45 கிலோ யூரியா மூட்டையில 20 கிலோவுக்கு மேல இருக்கு. அப்ப கரைசலை உரம்னு நினைக்கிறதே தப்பு. அது உறைமோர். பால் இல்லாத சட்டியில எத்தனை தடவை உறை ஊத்துனாலும் தயிர் ஆகுமா? மண்ணுக்குப் பால்னா மக்குன குப்பை, காய்ஞ்ச சருகு, மூடாக்கு. நம்மாழ்வார் ஐயா அமிர்தக் கரைசலைப் பத்திப் பேசினப்ப மூடாக்கையும் விடாமத்தான் சொன்னார். காவிரிக்கு அக்கரையில, கொடுமுடி டாக்டர் நடராஜன் பரப்புன பஞ்சகவ்யத்தையும் 10 லிட்டர் தண்ணிக்கு 300 மில்லின்னு கலந்து தெளிக்கிறோம். அதுக்காகத் தொழுவுரம் அடிக்கிறதை யாரும் நிறுத்தலை.

நீங்க என்னடான்னா பை நிறையத் தேங்காய்நார்த் தூளைக் கொட்டி, மாசாமாசம் பாட்டிலை ஊத்துறீங்க. செடி வெளுக்காம என்ன பண்ணும்? அப்புறம் இயற்கை விவசாயமே ஏமாத்து வேலைன்னு ஒரு பேச்சு கிளம்புது. அந்தப் பேச்சு நாங்க மருந்தடிக்காம விளைவிச்ச கத்தரிக்காய் விலை வரைக்கும் வந்து நிக்குதுங்க. என் கோவமே அதுதான்.

சாணம் கிடைக்காதவங்க மண்புழு உரத்துலயே வடிக்கலாம். ஒரு கிலோ உரத்தைத் துணியில தளர்வாக் கட்டி, 10 லிட்டர் தண்ணியில தொங்க விடுங்க. குழாய்த் தண்ணின்னா ஒரு நாள் முன்னாடியே பிடிச்சுத் திறந்து வைங்க, குளோரின் போகட்டும். மீன் தொட்டி மோட்டார் இருந்தா காத்து விட்டுக்கிட்டே இருக்கலாம், இல்லைன்னா அடிக்கடி கலக்குங்க. மறுநாள் மண்வாசம் வரும். அன்னிக்கே ஊத்திடுங்க, வெயில் தாழ்ந்த பிறகு, ஈர மண்ணுல, வேர்ப் பக்கமா. பச்சையாத் திங்கிற மல்லி, புதினா இலை மேல மட்டும் வேண்டாம். சாணத்துல வர்ற கிருமி கரைசல்லயும் பெருகும். அழுகுன முட்டை நாத்தம் அடிச்சா செடிக்கு ஊத்தாதீங்க, குப்பைக்குழியில கொட்டிட்டுப் புதுசா வடிங்க.