கண்ணாடிக் கூடத்தில் யாரைப் பாராட்டுவது?

குட்டீஸ், பிரான்ஸ் நாட்டு வெர்செயில்ஸ் அரண்மனையின் படத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அங்கே பதினான்காம் லூயி மன்னர் கட்டிய கண்ணாடிக் கூடம் இருக்கிறது. 1678-ல் தொடங்கி 1684-ல் முடித்தார்கள். நீளம் 73 மீட்டர்!

ஒரு பக்கம் தோட்டத்தைப் பார்த்தபடி 17 ஜன்னல்கள். எதிரே 17 வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் 21 கண்ணாடிகள். பெருக்கிப் பாருங்கள், 357 வருகிறதா? ஒரே பெரிய கண்ணாடியாக வைத்திருக்கலாமே என்கிறீர்களா? அவ்வளவு பெரிதாகச் செய்ய அப்போது முடியாது. நல்ல கண்ணாடி செய்யும் ரகசியத்தை இத்தாலியின் வெனிஸ் நகரம் பொத்திப் பொத்திக் காத்தது. அங்கிருந்து சில தொழிலாளர்களை ஆசை காட்டி அழைத்து வந்துதான் பிரான்ஸ் கற்றுக்கொண்டது. வெள்ளீயத் தகட்டில் பாதரசம் பூசி, அதன்மேல் கண்ணாடியை வைத்து அழுத்த வேண்டும். பாதரச ஆவியோ விஷம்!

"மக்களின் வரிப்பணத்தில் ஆடம்பரம். இதைப் போய் ரசிக்கலாமா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 1789 அக்டோபரில், பாரீஸ் பெண்கள் ரொட்டி கேட்டு நடந்தே வந்தது இதே அரண்மனைக்குத்தான்.

ஆனாலும் ரசிக்கலாம் என்பேன். ராஜா ஒரு கண்ணாடியைக்கூடத் தன் கையால் செய்யவில்லையே! கூரை ஓவியங்கள் முழுக்க அவர் புகழ்தான். வரைந்த லெ புருன் கெட்டிக்காரர், ஒப்புக்கொள்கிறேன். ஆனால், அடுத்த முறை படம் கிடைத்தால் கூரையை விட்டுவிடுங்கள். கண்ணாடிகளுக்கு நடுவே ஓடும் கோடுகளைத் தேடுங்கள். ஒவ்வொரு கட்டமும், பெயர் தெரியாத தொழிலாளர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தது.