பதிவேடு எங்கே?

திண்டுக்கல் பூட்டுத் தொழிலாளியைக் கேளுங்கள்: பழுது பார்க்க ஆளில்லாத பூட்டை நம்பி எவரேனும் வீட்டை விட்டு வெளியூர் போவாரா?

2014 ஏப்ரல் 8-ல் விண்டோஸ் எக்ஸ்பி-யைக் கைவிட்டது மைக்ரோசாஃப்ட். இனி ஓட்டை தெரிந்தாலும் அடைத்துத் தரமாட்டோம் என்பதே அதன் பொருள். ஆயினும் நம் வங்கிகளின் ஏ.டி.எம். பலவும் அதிலேயே ஓடின. 2019 ஜூனுக்குள் மாற்றியே தீரவேண்டும் என்று 2018 ஜூனில் ரிசர்வ் வங்கி கெடு விதிக்க நேர்ந்தது. உழைப்பாளியின் கூலிப்பணம் கிடக்கும் பெட்டிக்கு நான்காண்டு மெத்தனம்!

2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கும் கெடு முடிந்தது. நீட்டிப்பு வேண்டும் அலுவலகம் காசு கட்டவேண்டும். நாளைக் குறிப்பது கம்பெனி. பணம் கொடுப்பது மக்கள்!

எந்த மேசையில் எந்தக் கணினி, அதில் என்ன மென்பொருள், அதன் கெடு எந்நாள்? ஒவ்வோர் அரசு அலுவலகமும், வங்கியும், கூட்டுறவுச் சங்கமும் இதைப் பதிவேட்டில் எழுதட்டும். கெடு வருமுன் நிதி ஒதுக்கட்டும். இயன்ற இடமெல்லாம், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருள் வரட்டும். அதற்கும் வயது உண்டு. ஆனால் மூலநிரல் நம் கையில் இருப்பதால், பழுது பார்க்க எவரையும் கெஞ்சவேண்டியதில்லை.

தோழர்களே, அலுவலகம் தோறும் கேளுங்கள்: பதிவேடு எங்கே?