கடல் கடந்த நெல்லூர் மாடு

2023-ஆம் வருஷம் பிரேஸில் தேசத்தில் ஒரு பசுவின் மூன்றில் ஒரு பங்கு ஏலத்திற்கு வந்தது. அந்தப் பங்கு போன கிரயத்தைக் கொண்டு கணக்கிட்டால் முழுப் பசுவின் மதிப்பு 40 லட்சம் டாலருக்கு மேலாகிறது. அதற்குமுன் உலகில் எந்தப் பசுவும் இந்த விலை பெற்றதில்லை. வியாட்டினா-19 என்னும் அப்பசுவின் எடை 1,101 கிலோ. அதன் ஜாதிக்கு அங்கே ‘நெலோரே’ என்று பெயர். நெல்லூர் என்பதைத்தான் போர்த்துக்கேசிய நாவு அவ்வாறு உச்சரிக்கிறது.

1953 வரையில் சென்னையோடு சேர்ந்திருந்த ஒங்கோல் சீமையின் வெள்ளை மாடே இது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் ஒங்கோல் நெல்லூர் ஜில்லாவில் அடங்கியிருந்தபடியால் இப்பெயர் வந்தது. 1878-இல் ரியோ டி ஜெனீரோவைச் சேர்ந்த லெம்க்ரூபர் என்பவர் ஜெர்மனியில் ஹாம்பர்க் மிருகக்காட்சிசாலையில் இம்மாடுகளைக் கண்டு ஒரு ஜோடியை வாங்கிச் சென்றார். பின்னர் வேறு சிலரும் தருவித்தனர். 1960-ஐ அடுத்த ஆண்டுகளில் சென்றவற்றுள் புகழ் பெற்ற காளைக்குக் ‘கரவடி’ என்று பெயர். அது ஒங்கோலுக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்தின் பெயர். நம் தேசத்திலிருந்து பிரேஸிலுக்குச் சென்ற மாடுகள் எல்லா ஜாதிகளையும் சேர்த்தாலும் சில ஆயிரங்களே. இன்றோ அங்குள்ள 20 கோடிக்கு மேற்பட்ட மாடுகளில் மிகப் பெரும்பாலானவற்றின் உடலில் நெல்லூர் இரத்தம் ஓடுகிறது. மாட்டிறைச்சி ஏற்றுமதியில் பிரேஸில் உலகில் முதலிடம் வகிப்பது இந்த மாட்டின் முதுகின்மேல்தான்.

வெயிலைத் தாங்கும், உண்ணிக்கு எளிதில் இளைக்காது, காய்ந்த புல்லைத் தின்று பிழைக்கும், சிரமமின்றிக் கன்று ஈனும். இக்குணங்கள் நமது மண் கொடுத்தவை. ஆனால் இவை மட்டும் போதுமென்றால் அந்தச் செல்வம் ஒங்கோலிலேயே குவிந்திருக்க வேண்டுமல்லவா? பிரேஸில்காரர் செய்தது வேறு. 1938 முதல் உபெராபா நகரத்தில் வம்சாவளிப் புஸ்தகம் வைத்தனர். கன்றின் தாய் எது, தந்தை எது, எத்தனை மாதத்தில் எத்தனை கிலோ ஏறிற்று, பசு எந்த வயதில் முதற்கன்று போட்டது என்பவற்றை எழுதினர். தேறாததைக் கழித்தனர். தேறியதன் வித்தைப் பெருக்கினர். அதிசயம் எதுவும் இல்லை. நோட்டுப் புஸ்தகமும் தராசும் பொறுமையுமே.

இந்த ஜாதிக்குக் குறைகளும் உண்டு. தாமதமாகப் பருவத்துக்கு வருகிறது. ஆங்கஸ் முதலிய ஐரோப்பிய மாடுகளின் இறைச்சியைவிட இதன் இறைச்சி கடினமானது. ஆகவே நெல்லூர்ப் பசுவுக்கு ஆங்கஸ் வித்தைச் செலுத்திக் கலப்புக் கன்று பெறும் வழக்கம் அங்கே பரவியிருக்கிறது. அமேஸான் காட்டை அழித்து மேய்ச்சல் நிலமாக்கிய பழியும் இவ்வியாபாரத்தின் தலைமேல் இருக்கிறது. காட்டை அழித்த நிலத்தில் வளர்ந்த மாட்டின் இறைச்சியை ஏற்பதில்லை என்று ஐரோப்பிய யூனியன் 2023-இல் சட்டம் இயற்றிற்று. என்றாலும் உஷ்ணப் பிரதேசங்களில் இதன் இடத்தை வேறொரு ஜாதி பிடிக்குமென்று நமக்குத் தோன்றவில்லை. பூமி சூடேற ஏற இதற்குக் கிராக்கி கூடத்தான் செய்யும்.

பிறந்த வீட்டின் கதை என்ன? 2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கின்படி, முந்திய கணக்கைவிட நாட்டு மாடுகள் 6 சதவிகிதம் குறைந்தன. அயல் ஜாதியும் கலப்பு ஜாதியும் சுமார் 27 சதவிகிதம் பெருகின. தோவாளை, அகஸ்தீஸ்வரம் பகுதிகளின் வயல்களில் இன்று டிராக்டர் உழுகிறது. உழவு போனபின் காளைக்குத் தீனி போடுகிறவன் யார்? வைக்கத்தை அடுத்த வெச்சூர்ப் பசு, பழைய திருவிதாங்கூர்ப் பிரஜைகளான நமக்கு அந்நியமன்று. கேரள சர்க்காரின் 1961-ஆம் வருஷத்துச் சட்டம் நாட்டுக் காளைகளைக் காயடிக்கச் செய்ததால் அது அழிவின் விளிம்பிற்கு வந்தது. 1989-இல் பேராசிரியை சோசம்மா ஐப்பும் அவருடைய மாணவர்களும் ஊர் ஊராகத் தேடி எஞ்சியவற்றைத் திரட்டியிராவிட்டால் பெயர் மட்டுமே மிஞ்சியிருக்கும்.

நமது அரசியல் சட்டத்தின் 48-ஆவது ஷரத்தை மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். பசுவதைத் தடையைப் பற்றிய பகுதிதான் அங்கே முழங்குகிறது. அதே வாக்கியத்தில் அதற்கு முன்னால், கால்நடை வளர்ப்பை நவீன விஞ்ஞான முறையில் அமைக்க வேண்டும் என்றும், இனங்களைக் காத்து அபிவிருத்தி செய்ய வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. அதைப் படிப்பவர் அருமை. மாட்டிறைச்சி பற்றி ஒருவர் எக்கொள்கை கொண்டவராயினும் இந்த முற்பகுதியில் சண்டைக்கு இடமில்லை. கொல்லாமல் விட்ட மாட்டுக்கு மேய்ச்சல் நிலம் இல்லை, பொலிகாளை இல்லை, வம்சப் பதிவு இல்லையென்றால் அந்த ஜாதி கத்தியின்றியே அழிகிறது.

பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் காங்கேயம் மாட்டைத் தலைமுறை தலைமுறையாகப் பேணிற்று. ஒரு குடும்பத்தால் முடிந்தது ராஜாங்கத்தால் முடியாதா? காங்கேயம், உம்பளாச்சேரி, பர்கூர், புலிக்குளம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் கிராமந்தோறும் வம்சாவளிப் புஸ்தகம் தொடங்க வேண்டும். நல்ல பொலிகாளை வைத்திருக்கும் குடியானவனுக்கு அதன் தீனிச் செலவைச் சர்க்கார் தரவேண்டும். ஆக்கிரமிக்கப்பட்ட மந்தைவெளிகளை மீட்க வேண்டும். அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் இதற்கென எத்தனை ரூபாய் ஒதுக்கப்படுகிறது என்று நம் ஜில்லாப் பிரதிநிதிகள் சட்டசபையில் எழுந்து கேட்கட்டும்.