வழிபாட்டுக்கு உள்ளேதான் அன்பு

கிறிஸ்தவ வழிபாட்டுக்கு உயிர் சடங்கின் துல்லியமே, அன்பு ஆலயத்துக்கு வெளியே பழக வேண்டிய நல்லொழுக்கம் என்ற வாதம் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் முன் நிற்காது. திருமணங்களில் தனியே பிய்த்து வாசிக்கப்படும் அதன் 13ஆம் அதிகாரம் உண்மையில் ஒரு வழிபாட்டுத் தகராறின் நடுவே இருக்கிறது: முன்னும் பின்னும் அந்நிய பாஷை, தீர்க்கதரிசனம், சபை ஒழுங்கு பற்றிய பேச்சுத்தான். 11ஆம் அதிகாரம் இன்னும் கடுமையானது. சிலர் முந்தி உண்டு வெறித்திருக்க, இல்லாதோர் பசித்திருந்த விருந்தை ஆண்டவரின் பந்தியாகவே பவுல் ஏற்கவில்லை. சடங்கு பிசகியதாக அங்கே ஒரு சொல்லும் இல்லை. ஏறத்தாழ கி.பி. 155இல் ரோமில் கிறிஸ்தவ எழுத்தாளர் ஜஸ்டின் விவரித்த ஞாயிறு வழிபாட்டிலும் அப்பம், திராட்சரசத்தை அடுத்து, அனாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறைப்பட்டோருக்கான காணிக்கை வருகிறது. அதைத் தனி தர்மக் கணக்கில் எழுதுவோர் அந்த வரிசையைக் கவனிக்கவில்லை போலும்.