மன்னர் கையெழுத்திடாவிட்டால் என்ன ஆகும்?

கடந்த மாதம் என் ஆறாம் ஆண்டு மாணவர் ஒருவரின் தந்தை பள்ளிக்கு வந்தார். கையில் மகனின் கட்டுரைப் புத்தகம். "ஐயா, 'நான் ஒரு நாட்டின் மன்னனானால்' என்றுதானே கட்டுரை எழுதச் சொன்னீர்கள்? பையன் கட்டுரையை விட்டுவிட்டுச் சட்டம் எழுதிக்கொண்டிருக்கிறான். இது எந்தச் சோதனைக்கு உதவும்?" என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். ஆனால், அந்தக் கேள்விக்குள் இருப்பது நம் தமிழ்ப்பள்ளிகளைப் பிடித்திருக்கும் நெடுநாள் நோய். அன்று மணியடித்துவிட்டதால் அவரிடம் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். ஏனைய பெற்றோர்களும், குறிப்பாக என்னைப் போன்ற ஆசிரியர்களும் படிக்க வேண்டுகிறேன்.

'நான் மன்னனானால்' என்ற கற்பனைக் கட்டுரையின் அமைப்பு நம் அனைவருக்கும் மனப்பாடம். முதல் பத்தியில் தூக்கம் வரும். இரண்டாவதில் ஏழைகளுக்கு இலவச வீடு. மூன்றாவதில் எல்லாருக்கும் இலவசக் கல்வி, இலவச மருத்துவம். நான்காவதில் குற்றவாளிகளுக்குக் கடுந்தண்டனை. முடிவில் அம்மா தட்டி எழுப்புவார். முப்பது புத்தகங்களைத் திருத்தினால் முப்பது அம்மாக்கள் தட்டி எழுப்புகிறார்கள்! யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டது. தேர்வு போய்விட்டது, மாதிரிக் கட்டுரை மட்டும் போகவில்லை. (இதே கட்டுரையைத் தட்டச்சு செய்து, படியெடுத்துப் பத்தாண்டுக்கு மேல் விநியோகித்தவன் நான். ஆகவே, குற்றஞ்சாட்டும் விரல் முதலில் என்னையே சுட்டட்டும்.)

இக்கட்டுரையில் மொழிப்பிழை இல்லாமல் இருக்கலாம். ஆனால் அதன் கருத்தே பிழை. மன்னன் நினைக்கிறான், உடனே நடக்கிறது. நாடாளுமன்றம் இல்லை, கருவூலம் இல்லை, நீதிமன்றம் இல்லை. நம் பிள்ளைகள் வாழ்வதோ அரசமைப்புக்கு உட்பட்ட மன்னராட்சியில். ஒன்பது மாநில ஆட்சியாளர்களுள் ஒருவர் ஐந்தாண்டுக்கு மாமன்னராகத் தேர்ந்தெடுக்கப்படும் நாடு இது. பெரும்பாலான செயல்களில் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே மாமன்னர் நடக்க வேண்டும் என்று கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 40ஆவது விதி கூறுகிறது. அதே விதி, பிரதமரை நியமிப்பது போன்ற சிலவற்றை அவர்தம் விருப்புரிமைக்கு விடுகிறது. 2022 நவம்பர் பொதுத்தேர்தலில் எக்கூட்டணிக்கும் பெரும்பான்மை கிட்டாதபோது, அந்த உரிமை எத்துணை பெரியது என்பதை நாடே கண்டது. மன்னரால் எது இயலும், எது இயலாது என்று அறிந்து மதிப்பதே உண்மையான மதிப்பு. கதைப்புத்தக மன்னரை மதிக்கக் கற்பிப்பதால் யாருக்குப் பயன்?

எனவே இவ்வாண்டு கட்டுரையை மாற்றினேன். முப்பத்தொரு மாணவர்களும் சேர்ந்து 'முத்துத்தீவு' என்றொரு நாட்டைப் படைத்தார்கள். சீட்டுக் குலுக்கியதில் ஒரு மாணவி அரசியானாள். மூவர் நீதிபதிகள், எஞ்சிய இருபத்தெழுவரும் நாடாளுமன்ற உறுப்பினர்கள். பதினொரு வரியில் ஓர் அரசமைப்புச் சட்டம் எழுதி வகுப்பறைச் சுவரில் ஒட்டினார்கள். கருவூலத்தில் நூறு பொற்காசு மட்டுமே வைத்தேன். இலவச வீட்டுக்கு அறுபது, இலவசப் பேருந்துக்கு முப்பது என்று கொடுத்தபின், மருத்துவமனைக்குப் பத்துக் காசுதான் மிஞ்சியது. ஒரு மணி நேரச் சண்டைக்குப் பிறகு வரி என்ற சொல்லை அவர்களே கண்டுபிடித்தார்கள். அதை நான் கற்பிக்கவில்லை.

மூன்றாம் வாரத்தில்தான் சங்கடம் வந்தது. தீவின் வடகரையில் வேறு மொழி பேசும் மீனவர்கள் வாழ்வதாக முதல் நாளே வரைபடத்தில் குறித்திருந்தோம். ஒரு மாணவன் எழுந்து, "நாட்டில் ஒற்றுமை வேண்டும். ஆகவே எல்லாப் பள்ளிகளிலும் தமிழ் மட்டுமே இருக்க வேண்டும்" என்று மசோதா கொண்டுவந்தான். கைத்தட்டல் எழுந்தது. இருபத்தொருவர் ஆதரித்தனர், அறுவர் எதிர்த்தனர். அரசி என்னிடம் ஓடிவந்து, "ஐயா, நான் கையெழுத்துப் போடமாட்டேன். அந்தப் பிள்ளைகள் பாவம்" என்றாள். சுவரில் ஒட்டியிருப்பதைப் படிக்கச் சொன்னேன். நம் நாட்டில் 1994 திருத்தத்திற்குப் பிறகு, ஈரவைகளிலும் நிறைவேறிய மசோதாவுக்கு மாமன்னர் 30 நாளில் ஒப்புதல் அளிக்காவிடினும் அது சட்டமாகிவிடும். அதைப் பார்த்துத்தான் தீவில் மூன்று பள்ளி நாள் என்று எழுதியிருந்தார்கள். மூன்று நாள் கழிந்தது. அரசியின் கையெழுத்தின்றியே சட்டம் வந்தது. நீதிபதிகளிடம் சென்றாள். பதினொரு வரிகளையும் படித்த அவர்கள், மொழியைப் பற்றி எதுவும் எழுதப்படவில்லை, ஆகவே சட்டம் செல்லும் என்றார்கள். அந்த வரி விடுபட்டிருப்பதை நான் முதல் நாளே கவனித்தேன். வேண்டுமென்றே வாய் திறக்கவில்லை.

மறுநாள் கரும்பலகையில் 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 21(2)ஆம் பிரிவின் கருத்தை எழுதினேன். ஒரு தேசிய மாதிரித் தொடக்கப்பள்ளியைத் தேசியப் பள்ளியாக மாற்றலாம் என்று அமைச்சர் கருதினால், எப்போது வேண்டுமானாலும் ஆணையிட்டு மாற்றிவிடலாம். பின்வரிசையிலிருந்து ஒருவன், "ஐயா, இது நாங்கள் வடகரைக்குப் போட்ட சட்டம் மாதிரி இருக்கிறதே!" என்றான். அதன்பின் சற்று நேரம் வகுப்பில் பேச்சில்லை.

பெற்றோர்களே, அந்தப் பிரிவு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக நம் பள்ளிகளின் தலைக்குமேல் தொங்கியது. அது முறைப்படி வாக்கெடுத்து, முறைப்படி ஒப்புதல் பெற்ற சட்டம். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அதன் இடத்துக்கு வந்தபோதுதான் அப்பிரிவு மறைந்தது. இதைத் தம் பிள்ளைக்குச் சொன்ன பெற்றோர் எத்தனை பேர்? தமிழ்ப்பள்ளி வாழ்க என்று ஆண்டுதோறும் மேடையில் முழங்குகிறோம். அது எந்தச் சட்டத்தின்மேல் நிற்கிறது என்று கேட்டால் விழிக்கிறோம்.

அரசமைப்பின் 152ஆவது விதி மலாய்மொழியைத் தேசிய மொழியாக நிலைநாட்டுகிறது. அதே விதிதான், பிற மொழிகளைக் கற்பிப்பதிலிருந்தோ கற்பதிலிருந்தோ எவரையும் தடுக்கலாகாது என்றும் உறுதி கூறுகிறது. அவ்விதியைத் திருத்த வேண்டுமாயின் நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு மட்டும் போதாது. ஆட்சியாளர்கள் மன்றத்தின் இசைவும் வேண்டும். சாதாரணச் சட்டத்தைத் தம் ஒப்புதலின்றியே நிறைவேற விடும் மன்னராட்சி, இந்த ஓரிடத்தில் பூட்டின் மற்றொரு சாவியை வைத்திருக்கிறது. மன்னராட்சியைப் பற்றித் தமிழ்ப்பிள்ளை அறிய வேண்டிய முதற்செய்தி இதுவன்றோ? தாய்மொழிப் பள்ளிகள் அரசமைப்புக்கு முரணானவை என்று தொடுக்கப்பட்ட வழக்கு 2021இல் உயர் நீதிமன்றத்திலும் 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் தள்ளுபடியாகி, 2024இல் கூட்டரசு நீதிமன்றம் மேல்முறையீட்டுக்கு அனுமதி மறுத்ததோடு முடிந்தது. அப்போது நம் ஆசிரியர் அறைகளில் என்ன பேசினோம்? "யாரோ வழக்குப் போட்டார்களாம், வென்றுவிட்டோமாம்." எதைக் காட்டி வென்றோம் என்று கேட்டவர் என் காதில் விழவில்லை.

"சிறுபிள்ளைகளுக்கு அரசியல் எதற்கு?" என்று சக ஆசிரியர் ஒருவர் எச்சரித்தார். எந்தக் கட்சியின் பெயரும் என் வகுப்பில் எழவில்லை. வாக்களிக்கும் வயது பதினெட்டாகக் குறைந்துவிட்டது. இன்று பன்னிரண்டு வயதுடையவன் ஆறே ஆண்டுகளில் வாக்குச் சாவடியில் நிற்பான். அவனிடம் 'அரசாங்கம் ஆவன செய்ய வேண்டும்' என்று கட்டுரையை முடிக்கக் கற்றுக்கொடுத்து அனுப்புகிறோமே, அதுதான் ஆபத்தான அரசியல். ஆவன என்றால் எவை? யார் செய்வது? எந்தச் சட்டத்தின்படி? இம்மூன்றும் தெரியாதவன் வாழ்நாளெல்லாம் மனு எழுதிக்கொண்டிருப்பான்.

என் பாட்டனார் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். துரை மனமிரங்கிப் பள்ளிக்கூடம் கட்டிக் கொடுத்தார் என்றே இறுதிவரை நன்றியோடு சொல்லிக்கொண்டிருந்தார். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்தியே ஆகவேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் கட்டளையிட்டிருந்ததை அவருக்கு யாரும் சொல்லவில்லை. துரை மனமிரங்கினாரோ இல்லையோ, சட்டம் இருந்தது. பாட்டனார் எழுத்தறியாதவர், அவரைக் குறைகூற மாட்டேன். பட்டம் பெற்ற நாமும் மானியம் கிடைத்தால் மாலையோடு ஓடுகிறோமே!

அந்தத் தந்தைக்கு ஒன்று சொல்ல வேண்டும். வடகரைப் பள்ளிகளை மூடும் மசோதாவைக் கொண்டுவந்தவன் உங்கள் மகன்தான். இப்போது அவன் எழுதிக்கொண்டிருப்பது அரசமைப்பில் சேர்க்க வேண்டிய பன்னிரண்டாவது வரி. நான்கு முறை அடித்துத் திருத்திவிட்டான். 'தடுக்கலாகாது' என்பதா, 'தடுக்கக்கூடாது' என்பதா என்று இடைவேளையில் என்னிடம் வாதிட்டான்; ஆண்டு முழுக்க இலக்கணம் நடத்தியும் எனக்குக் கிட்டாத மகிழ்ச்சி அது. திருத்தம் நிறைவேறப் பதினெட்டு வாக்கு வேண்டும். முதலில் எதிர்த்த அறுவரோடு இதுவரை ஒன்பது பேரை இணங்க வைத்திருக்கிறான். இன்னும் மூவர் குறைகிறார்கள். வாக்கெடுப்பு வரும் வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்கு. பின்வரிசையில் உங்களுக்கொரு நாற்காலி போட்டு வைக்கிறேன்.