ஓயாத முரலும் ஒடித்த முள்ளும்

சென்ற மாதம் நமக்கு அறிமுகமான இளைஞர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். வீட்டின் பின்னறையை அவர் ஒலிப்பதிவுக் கூடமாக்கியிருக்கிறார். தம் பாட்டியார் பாடும் தாலாட்டுகளைப் பதிந்து வைப்பதே நோக்கம். பதிவைக் கேட்டோம். பாட்டியாரின் குரலுக்கு அடியில், வண்டு முரல்வது போன்ற ஓர் ஓசை விடாது ஒலித்தது. "இதற்கு இன்றே முடிவு கட்டுகிறேன், ஐயா" என்று கூறிக் குறடொன்றைக் கையிலெடுத்தார் இளைஞர். மின்செருகியின் புவி முள்ளை ஒடித்துவிடும்படி யாரோ யோசனை சொன்னார்களாம்!

நல்ல காலம், நாம் அங்கிருந்தோம்.

அம்முரல் எவ்வாறு பிறக்கின்றது? நம் வீட்டு மின்சாரம் செக்கனுக்கு 50 தடவை அலைவது. ஒலிக்கலப்பி ஒரு சுவரிலும் பதிவுக்கருவி மறு சுவரிலும் இணைக்கப்பட்டிருந்தன. இரண்டும் தத்தம் புவிக்கம்பியால் நிலத்துடன் தொடுக்கப்பட்டவை. அவற்றை இணைக்கும் ஒலிக்கம்பியின் வெளிப்பின்னலோ இன்னொரு பாதையைத் திறந்துவிட, வளையமொன்று உண்டாகிவிட்டது. இரு புவித்தொடுப்புகளுக்குமிடையே அற்ப அழுத்த வேறுபாடு இருந்தாலும், அருகிலுள்ள நிலைமாற்றியின் காந்தப்புலம் ஊடறுத்தாலும், அவ்வளையத்தில் மின் ஓடும். ஒரு வோல்ற்றின் ஆயிரத்திலொரு பங்கு சைகையிற் கலந்தாலும், பாட்டு ஓய்ந்த இடங்களில் காது அதனைக் கண்டுகொள்ளும்.

முள்ளை ஒடித்தால் வளையம் அறும், முரலும் ஓயும். மெய்தான். ஆனால் புவிக்கம்பி ஓசைக்காக வந்ததன்று. கருவியினுள் உயிர்க்கம்பி கழன்று உலோகப் பெட்டியிற் பட்டால், மின்னோட்டம் புவிக்கம்பி வழியே பாய்ந்து, உருகியை எரித்தோ காப்பு ஆளியை விழச்செய்தோ இணைப்பைத் துண்டித்துவிடும். முள் இல்லையேல், பெட்டி 230 வோல்ற்றுடன் சத்தமின்றிக் காத்திருக்கும். ஒலிவாங்கியின் உலோக உடலும் கம்பிப் பின்னலால் அப்பெட்டியோடு இணைந்ததல்லவா? பாட்டியார் அதைக் கையிற் பிடித்தே பாடுகிறார்! 1972 ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டின் சுவான்சி நகரில், லெஸ்லி ஹார்வி என்னும் கித்தார்க் கலைஞர், முறையாகப் புவித்தொடுக்கப்படாத ஒலிவாங்கியை மேடையில் தொட்டு மாண்டார். வயது 27.

குறட்டை வாங்கி வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினோம். கருவிகள் யாவற்றையும் ஒரே சுவர்க் குதையிலிருந்து மின் பெறச் செய்தோம். சிறிய கூடமாதலால் அஃது எளிதிற் தாங்கும். மின்கம்பிகளோடு பின்னிக் கிடந்த ஒலிக்கம்பிகளை விலக்கி, கடக்கவேண்டிய இடத்தில் மட்டும் குறுக்கே செங்குத்தாகக் கடக்கவிட்டோம். முரல் பெரிதும் தணிந்தது. இரு கருவிகளிலும் அதற்குரிய வாய்கள் இருந்தமையால், சமநிலைக் கம்பியைப் பூட்டினோம். இதனுள்ளே இரு இழைகள் ஒரே சைகையை எதிரெதிராகச் சுமக்கும். வெளியிலிருந்து வரும் முரலோ இரண்டிலும் ஒன்றுபோல் ஏறும். வாங்கும் கருவி இரண்டின் வேறுபாட்டை மட்டுமே எடுப்பதால் முரல் கழிந்து, பாட்டு எஞ்சும். கழித்தற் கணக்குப் படிக்கும் சிறுவருக்கும் விளங்கும் தந்திரம்! இதற்கும் அடங்காத முரலுக்கு, ஒலிக்கம்பியின் இடையே பூட்டும் தனிப்படுத்தும் நிலைமாற்றி உண்டு. கருவியைத் தொடுகையில் கை விறுவிறுத்தால் மட்டும் எதையும் தாமே முயலாது, மின்வினைஞரை அழைத்தல் வேண்டும்.

மாலையில் பாட்டியார் மீண்டும் பாடினார். பதிவைப் போட்டோம். அடிக்கு அடி அவர் மூச்செடுப்பதும் இம்முறை கேட்டது.